கானாவூரில் ஒரு விளி

தூய சவேரியார் முத்துக்குளித்துறையில் கால் பதித்த ஆண்டு 1542. தமிழ் அறியாதவராய் வந்த அவர், இருமொழியும் ஓரளவு தெரிந்த சிலரைக் கூட்டிவைத்து, விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் முதலியவற்றைத் தமிழில் ஆக்குவித்தார். அவற்றைத் தாமே மனப்பாடம் செய்து, கையில் மணியுடன் தெருத்தெருவாய்ச் சென்று பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். இது நாம் அனைவரும் கேட்டு வளர்ந்த செய்தி. அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்றும் உண்டு. பின்னர் தம் உடனுழைப்பாளரான மான்சிலாசுக்கு எழுதிய கடிதமொன்றில், படகுகள், பணம், கரையோர மக்களின் அல்லல்கள் என்று பல அலுவல்களைப் பேசிவந்த அப்புனிதர், இடையே ஒரு சொல்லைத் திருத்தச் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' எனப் பொருள்பட வேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் நின்றிருக்கிறது. அதை எடுத்துவிட்டு விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடுமாறு எழுதுகிறார். ஆண்டவர் பாடுபட்டதைக் கூறுமிடத்தில் வலுக்கட்டாயத்தைக் குறிக்கும் சொல் ஒன்றையும் விலக்கச் சொல்கிறார். ஏனெனில் கிறிஸ்து பாடுபட்டது தம் விருப்பத்தால். பிறர் வற்புறுத்தியதால் அன்று.

இத்திருத்தங்களைச் சிறியன என்று ஒதுக்கிவிட நம்மால் இயலவில்லை. 'எனக்குக் கடவுள் வேணும்' என்பது ஒருவகையில் நல்ல வேண்டுதலே. ஆயினும் அது விசுவாச அறிக்கை ஆகாது. வேண்டுமென்பவன் கேட்கிறான், விசுவசிப்பவன் தன்னை ஒப்படைக்கிறான். கடற்கரைச் சிற்றூர்களில் எழுத்தறியாத மக்கள் வாய்வழியாகக் கற்று, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்த செபம் அது. ஒரு சொல் பிழைபட்டால் தலைமுறை தலைமுறையாகப் பிழைபட்டிருக்கும்.

சொற்கள் இடம் மாறுவதும் உண்டு. நம் பாட்டிமார் செபமாலையின் முதல் மூன்று மணிகளுக்கு விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்ற மூன்று புண்ணியங்களைச் சொன்னார்கள். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அம்மூன்றும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று நிற்கின்றன. 'விசுவாசம்' போன இடத்தில் 'நம்பிக்கை' வந்து அமர்ந்தது. 'நம்பிக்கை' காலி செய்த இடத்தில் 'எதிர்நோக்கு' வந்தது. ஆக, ஒரே வீட்டில் பாட்டியும் பேத்தியும் 'நம்பிக்கை' என்ற ஒரே சொல்லைச் சொல்லி, இரு வேறு புண்ணியங்களைக் கருதுகின்றனர். 2025ஆம் ஆண்டு யூபிலியின்போது 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்ற தொடரைக் கேட்ட முதியோர் சிலர் விழித்ததில் வியப்பில்லை. தமிழாக்கம் நன்று, 'எதிர்நோக்கு' வருவதை நோக்கிக் கண்ணைத் திறந்துவைத்திருக்கும் சொல். அது நம் வீடுகளின் பேச்சில் இன்னும் குடிபுகவில்லை என்பதே குறை.

இவையெல்லாம் சொல்லின் துல்லியம் பற்றியவை. சொல் துல்லியமாக இருந்தும் தொனி பிழைபடுதல் உண்டு. தொனியைக் காப்பாற்றப் போய்த் துல்லியத்தை இழப்பதும் உண்டு. இவ்விரண்டையும் ஒருசேரக் காட்டும் இடம் யோவான் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம், நான்காம் வசனம்.

கானாவூர்த் திருமணத்தில் இரசம் தீர்ந்துவிட்டது என்று தாய் சொல்ல, மகன் மறுமொழி கூறுகிறார். கிரேக்க மூலத்தில் அவர் தாயை விளிக்கும் சொல் 'குநாய்'. அகராதிப்படி அதன் பொருள் 'பெண்ணே' என்பது. பவர் ஐயர் தலைமையிலான குழுவின் உழைப்பால் 1871இல் நிறைவுற்றதும் புரொட்டஸ்தாந்து சகோதரர்கள் இன்றளவும் கையாண்டுவருவதுமான மொழிபெயர்ப்பு இதனை 'ஸ்திரீயே' என்று தருகிறது. அகராதியை வைத்துப் பார்த்தால் இதில் ஒரு மாத்திரை கூடப் பிழையில்லை. ஆனால் தமிழ்ச் செவி கூசுகிறது. ஏன்?

அகராதி தருவது பெயர்ச்சொல். இங்கே தேவைப்படுவதோ விளிச்சொல். தமிழிலக்கணம் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளவில்லை. விளியை எட்டாம் வேற்றுமையாக வைத்து, தொல்காப்பியம் அதற்கென 'விளிமரபு' என்று தனி இயலே வகுத்திருக்கிறது. விளி கொள்ளாத பெயர்களும் உண்டு என்று நம் இலக்கண நூலார் கண்டனர். 'ஸ்திரீ' என்பது இலக்கணப்படி விளியேற்கலாம். வழக்கில் அந்தச் சொல்லால் எவரும் எவரையும் கூப்பிட்டதில்லை. கோபத்தில் கூப்பிடவில்லை, அன்பில் கூப்பிடவில்லை, கடைத்தெருவில் வழி கேட்கவும் கூப்பிடவில்லை. ஒருவருடைய தொனியும் இல்லாத சொல் அது. அப்படிப்பட்ட சொல்லை ஆண்டவர் திருவாயில் வைக்கும்போது, அந்த வெறுமையைக் கேட்பவர் கடுமையாக எடுத்துக்கொள்கின்றனர். மரியன்னைக்கு அவர் மகனே மரியாதை தரவில்லை என்று வாதிடுவோர்க்கு இந்த ஒரு சொல் எவ்வளவு பயன்பட்டிருக்கிறது என்பதைத் திண்ணைப் பேச்சுகளில் நாம் கேட்டிருக்கிறோம்.

மூலச் சொல்லில் அக்கடுமை இல்லை. மத்தேயு நற்செய்தியில் கானானியப் பெண்ணின் நம்பிக்கையை வியந்து பாராட்டும்போது இயேசு இதே சொல்லால்தான் அவரை விளிக்கிறார். யோவானில் சமாரியப் பெண்ணிடமும், கல்லறை அருகே அழுதுகொண்டிருந்த மகதலா மரியாவிடமும் அவர் சொல்வது இதுவே. ஆகவே இது இகழ்ச்சிச் சொல் அன்று. பெண்களை மதிப்போடு அழைக்கும் பொதுச்சொல். ஆனால் ஒரு மகன் தன் சொந்தத் தாயை இப்படி அழைப்பது அக்கால வழக்கிலும் அரிது. கிரேக்கத்தில் கேட்டவர்க்கும் இவ்விடத்தில் ஒரு சிறு திடுக்கிடல் இருந்திருக்க வேண்டும்.

இனி 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்புக்கு வருவோம். கத்தோலிக்க, புரொட்டஸ்தாந்து அறிஞர்கள் ஒன்றாக அமர்ந்து செய்த அப்பெரும்பணி இவ்விடத்தில் 'அம்மா' என்று தருகிறது. முதற்பார்வைக்கு இது மூலத்தை விட்டு விலகிய உரிமை எடுப்பு போலத் தோன்றும். நிதானித்துப் பார்த்தால் இதிலுள்ள நுட்பம் விளங்கும். தமிழில் 'அம்மா' பெற்றவளுக்கு மட்டும் உரிய சொல் அன்று. முன்பின் அறியாத பெண்ணிடம் வழி கேட்பவர் 'அம்மா' என்கிறார்; அலுவலகத்தில் பெண் அதிகாரியிடம் மனு நீட்டுபவர் 'அம்மா' என்கிறார்; தகப்பன் தன் சிறுமகளை 'வாம்மா' என்கிறான். கிரேக்கச் சொல் செய்த வேலையை, அதே பரப்பில், அதே மதிப்போடு செய்யும் தமிழ் விளி இது ஒன்றே. சமாரியப் பெண்ணுக்கும் மகதலா மரியாவுக்கும் 'அம்மா' என்று வரும்போது அது மூலத்துக்கு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறது. இத்தமிழ்ச் சொல்லைக் கண்டெடுத்தவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் சொந்த மகன் சொந்தத் தாயிடம் சொல்லும்போது அதே சொல் வேறாகிவிடுகிறது. அப்போது அது பொதுச்சொல் அன்று. வெறும் 'தாயே' என்பதுதான். கிரேக்கர் திடுக்கிட்ட இடத்தில் தமிழர் இதமாகக் கடந்துபோகிறோம். யோவான் தம் நற்செய்தி முழுவதிலும் மரியா என்ற பெயரால் அன்னையை ஒருமுறையேனும் குறிப்பிடவில்லை. 'இயேசுவின் தாய்' என்றே எழுதுகிறார். அப்படி எழுதுபவர், மகனின் வாயில் மட்டும் 'தாயே' என்ற சொல்லை வைக்காமல் 'பெண்ணே' என்பதை வைக்கிறார் என்றால், அது தற்செயலாய் இருக்க இயலாது. தொடக்க நூலில் பாம்புக்கு எதிராக நிறுத்தப்படும் பெண்ணை, புதிய ஏவாளை, இங்கே திருச்சபை கண்டுவந்திருக்கிறது. அந்த இழை தமிழில் அறுந்துவிட்டது. மறையுரையில் அருட்பணியாளர் எடுத்துச் சொன்னாலொழிய, வாசகத்தைக் கேட்கும் மக்களுக்கு அது எட்டாது.

இந்த இழப்பையாவது தவிர்க்க முடியாதது என்று ஏற்கலாம். அடுத்த தொடரில் நேர்ந்ததை அப்படி ஏற்க நம் மனம் ஒப்பவில்லை. மூலத்தில் 'எனக்கும் உமக்கும் என்ன?' என்ற அமைப்பு இருக்கிறது. இது எபிரேய வழக்கு. சாரிபாத்துக் கைம்பெண் எலியாவிடம் துயரத்தில் கேட்பதும், தீய ஆவி இயேசுவிடம் அலறுவதும் இதே அமைப்பில்தான். இடத்துக்கேற்ப அதன் காரம் கூடும், குறையும். எங்கும் மாறாதது ஒன்று: 'நான்' ஒரு பக்கம், 'நீர்' ஒரு பக்கம் என்று அது இருவரையும் பிரித்து நிறுத்துகிறது. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்போ இவ்விடத்தில் 'நாம்' என்ற சொல்லைக் கையாள்கிறது. இதைப் பற்றி நாம் இருவரும் செய்வதற்கு என்ன இருக்கிறது என்ற பொருள் வருகிறது.

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. 'நாங்கள்' கேட்பவரை வெளியே நிறுத்துவது. 'நாம்' கேட்பவரையும் உள்ளே அழைத்துக்கொள்வது. பல மொழிகளில் இல்லாத இந்த நயம் நம் மொழியின் செல்வம். அச்செல்வத்தை இங்கே செலவிட்டதால் நேர்ந்தது என்ன? மூலத்தில் பிரித்து நிறுத்தப்பட்ட இருவர் தமிழில் ஒரே சொல்லுக்குள் சேர்ந்து உட்கார்ந்துவிட்டனர். மகன் தாயிடமிருந்து ஓரடி விலகி நின்று, 'என் நேரத்தைக் குறிப்பவர் தந்தை ஒருவரே' என்று உணர்த்தும் காட்சி, கலியாண வீட்டில் தாயும் மகனும் கையைப் பிசையும் காட்சியாக மாறுகிறது. இறுதியில் வரும் 'இல்லையே' என்பதன் ஏகாரமும் இம்மென்மைக்குத் துணைபோகிறது. தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று தொல்காப்பியர் ஏகாரத்துக்கு ஐந்து பயன் சொன்னார். இங்கே வருவது இவற்றுள் எதிலும் அடங்காத, நம் அன்றாடப் பேச்சில் பிறந்த இரக்கத்தொனி. அழகான ஏகாரம்தான். ஆனால் அன்னை அடுத்துச் செய்ததன் பெருமை இத்தொனியால் குறைந்துபோகிறது என்பதே நம் முறையீடு. மறுக்கப்பட்டது போன்ற பதிலைக் கேட்ட பின்னரும் பணியாளரிடம் திரும்பி, அவர் சொல்வதைச் செய்யுமாறு கூறினார் அன்னை. பதில் இதமாக இருந்தது என்றால் அதில் வியப்பென்ன? அது கூர்மையாக இருந்ததால்தான் அவருடைய நம்பிக்கை நம்மை நிமிர்ந்து பார்க்க வைக்கிறது. மரியன்னையைக் காப்பாற்ற எண்ணிச் செய்த மென்மை, அவருக்குரிய பெருமையிலேயே கை வைத்துவிட்டது.

அதே வசனத்தில் புதிய மொழிபெயர்ப்பு பழையதை வென்ற இடமும் உண்டு. கானாவில் இன்னும் வராத 'நேரம்' சிலுவையடியில் வருகிறது. அன்னையைச் சீடர் ஏற்றுக்கொண்டது 'அந்நேரமுதல்' என்கிறார் யோவான். பழைய மொழிபெயர்ப்பில் கானாவில் 'வேளை', கல்வாரியில் 'நேரம்'. இரண்டுக்கும் மூலச் சொல் ஒன்றே என்பதைக் கேட்பவர் அறிய வழியில்லை. 1995ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு இரண்டிடத்தும் 'நேரம்' என்றே வைத்து, யோவான் கட்டிய பாலத்தைக் காத்திருக்கிறது. தனிச்சொல்லாகப் பார்த்தால் 'வேளை' என்பதே நமக்குப் பிடித்தமானது. குறிக்கப்பட்ட தருணம் என்ற கனம் அதில் இருக்கிறது. ஆயினும் அழகிய இரு சொற்களைவிட, திரும்பவும் வரும் ஒரே சொல் இங்கே அதிகம் பேசுகிறது. எழுத வரும் இளையோர் பலர் ஒரு பத்தியில் ஒரு சொல் இருமுறை வந்துவிடுமோ என்று அஞ்சி வேறு சொல் தேடி அலைவதைப் பார்க்கும்போது, இந்த இடத்தை அவர்களுக்குக் காட்டத் தோன்றும்.

சிலுவையடியில் 'அம்மா' என்ற விளியைக் குறித்து நமக்கு எந்த முறையீடும் இல்லை. 'உன் மகன்' என்பது 'உம் மகன்' என்று ஆனதும் சரியே. கிரேக்கத்தில் 'நீ'யும் 'நீர்'உம் ஒரே சொல்; தமிழில் மொழிபெயர்ப்பவர் ஒவ்வொரு வசனத்திலும் யார் யாரை எப்படி அழைப்பார் என்று தீர்ப்புச் சொல்லியே ஆகவேண்டும். தமிழ் மகன் தன் தாயை வீட்டில் 'நீ' என்பான்; அது மரியாதைக் குறைவன்று, நெருக்கம். நம் பக்திப் பனுவல்களில் இறைவனையே 'நீ' என்று உரிமையோடு அழைக்கும் மரபு நெடியது. ஆனால் ஆலயத்தில் உரக்க வாசிக்கப்படும் திருநூலுக்கு 'நீர்' என்ற பொதுமதிப்பு பொருந்துகிறது. நெல்லைச் சீமையில் நண்பர்கள் 'என்னவே, நீரு வரலியா?' என்று பேசிக்கொள்வதைத் தவிர்த்தால், 'நீர்' என்பது இன்று பெரும்பாலும் செபத்திலும் திருநூலிலும்தான் உயிர் வாழ்கிறது.

நம் தாழ்மையான கருத்து இது: கானாவில் புதிய மொழிபெயர்ப்பின் 'அம்மா'வையும், பழைய மொழிபெயர்ப்பு காத்துவைத்த பிரித்து நிறுத்தும் அமைப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். 'அம்மா, இதில் எனக்கும் உமக்கும் என்ன?' என்று வாசித்தால் மரியாதையும் குறையாது, விலகலும் மறையாது. பொதுக்காலம் இரண்டாம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டில் இந்நற்செய்தி ஆலயங்கள்தோறும் ஒலிக்கிறது. அந்த ஒரு நாளைக்கேனும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

தொனியைப் பற்றிப் பேசும்போது நம் சொந்த எழுத்தை விட்டுவிடுதல் முறையன்று. பங்கு மடல்களிலும் சுவரொட்டிகளிலும் வரும் மரண அறிவிப்புகளைப் பாருங்கள். இறப்பை இறப்பென்று சொல்லத் தயங்குவது தமிழ் மரபு. நன்னூலார் இதைத் தகுதி வழக்கில் 'மங்கலம்' என்று வகைப்படுத்தினார். செத்தாரைத் துஞ்சினார் என்பது உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. நமக்கும் இச்சொல் அயலானதன்று. தொடக்கத் திருச்சபையினர் கல்லறைத் தோட்டத்துக்கு வைத்த கிரேக்கப் பெயரின் பொருளே 'துயிலிடம்' என்பதுதான். ஆகவே 'இறைவனில் துயில் கொண்டார்' என்பது தமிழ் மரபும் மறைநம்பிக்கையும் கைகோக்கும் தொடர். ஆனால் பல அறிவிப்புகளில் நாம் காண்பது 'மீளாத் துயில் கொண்டார்' என்பது. ஓசைக்கு இனிமையாயிருக்கிறது, பொருளுக்கு? ஞாயிறுதோறும் உடலின் உயிர்ப்பை அறிக்கையிடும் நாம், மேலே சிலுவை போட்டுக் கீழே 'மீளா' என்று அச்சிடுகிறோம். சவேரியார் இன்று மான்சிலாசுக்குக் கடிதம் எழுதினால் இதையும் சேர்த்துத் திருத்தச் சொல்லியிருப்பார். 'இயற்கை எய்தினார்' என்பதும் அவ்வாறே. இறைவனை ஏற்காத நண்பர்கள் நேர்மையோடு தேர்ந்துகொண்ட தொடர் அது. அவர்களிடமே அது இருக்கட்டும்.

மென்சொல் எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதற்கு யோவான் பதினோராம் அதிகாரம் நல்ல பாடம். இலாசர் தூங்குவதாக ஆண்டவர் சொல்கிறார். சீடர்கள் அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டு, தூங்கினால் நலமடைவார் என்கின்றனர். உடனே அவர் சுற்றிவளைக்காமல், இறந்துவிட்டதாக வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். அதன்பின் கல்லறைக்கு முன் கண்ணீரும் விடுகிறார். மங்கலச் சொல்லைத்தான் அவரும் முதலில் எடுத்தார். அது கேட்பவரைத் தவறான ஆறுதலுக்கு இட்டுச் சென்றபோது கீழே வைத்துவிட்டார்.

இதற்கு நேர்மாறாக, கடுஞ்சொல் ஒன்று மக்களை எவ்வளவு காலம் அச்சத்தில் வைத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பெயரை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். வடமொழியில் 'அவஸ்தை' என்பது நிலை என்று மட்டுமே பொருள்படும். மரணத் தறுவாய் என்ற நிலையைக் கருதி வைத்த பெயர் இது. பேச்சுத்தமிழிலோ அவஸ்தை என்றால் படாத பாடு. பெயரே அப்படியிருக்க, குருவானவர் எண்ணெய்ச் சிமிழோடு படியேறினால் வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். நோயாளிக்கு நினைவு தப்பும் வரை ஆளனுப்ப மாட்டார்கள். அனுப்பினால் அவர் பயந்துவிடுவாராம். யாக்கோபின் திருமுகமோ மூப்பர்களை அழைக்கச் சொல்வது நோயுற்றவருக்காக. சாகிறவர் என்ற பேச்சே அங்கில்லை. 1963இல் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டுக் கொள்கை விளக்கம், 'இறுதிப் பூசுதல்' என்பதைவிட 'நோயுற்றோரைப் பூசுதல்' என்பதே தகுதியான பெயர் என்றது. 1972இல் புதிய சடங்குமுறையும் வந்தது. தமிழில் 'நோயில்பூசுதல்' ஆயிற்று. பெயர் மாறியும் ஒப்பாரி முழுதும் ஓயவில்லை. காரணம், அழைப்பு விடுக்கும்போது நாமே 'கடைசியா ஒருமுறை சாமியாரைக் கூப்பிட்டுக் காட்டிடலாம்' என்று பேசுகிறோம். புதுச் சொல்லைப் பழைய தொனியில் சொல்கிறோம்.

மரணத் தறுவாயில் இருப்போருக்கு உரிய அருளடையாளம் உண்மையில் வேறொன்று. வழியுணவு எனப்படும் இறுதி நற்கருணை. இலத்தீனில் அதன் பெயர் பயணத்துக்கான உணவு எனப் பொருள்படும். அச்சொல்லுக்கு நேரான தமிழ் 'கட்டுச்சோறு'. வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் எந்தக் குடும்பமும் புளிச்சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு அறிந்த சொல் அது. சடங்கு நூலில் அதை அச்சிடுமாறு நாம் கேட்க மாட்டோம். அங்கே 'வழியுணவு' என்பதே தொனிக்குப் பொருந்தும். ஆனால் கட்டிலருகே குனிந்து, காது மந்தமான ஒரு மூதாட்டியிடம் கையிலிருப்பது என்னவென்று சொல்ல நேரும்போது, நாம் 'கட்டுச்சோறு' என்றே சொல்லிவருகிறோம். அவர்கள் வாய் திறக்கிறார்கள்.